நான் அடைத்த இரண்டு துவாரங்கள்

எனக்குப் பயம் மற்றவர்களைவிடக் கூட. இதைச் சொல்ல வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. கிண்ணியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கூலர் பெட்டி அடிக்கிற ஆதம்பாவா இடி முழங்கினால் வெல்டிங் பிளக்கைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுவான் என்று. கடலுக்குப் பயந்துதான் நான் மீன்பிடிக்குப் போகவில்லை. மீன் ஏற்றும் லொறிகளுக்குப் பெட்டி அடிக்கிற தொழிலுக்கு வந்தேன். இந்த இருபத்தாறு வருடத்தில் நான் அடித்த பெட்டியில் மீன் கெட்டுப்போனது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மீன் பெட்டிக்கு ஒரே சட்டம்தான். உள்ளே இருக்கிற குளிர் வெளியே போகக் கூடாது, வெளியே இருக்கிற சூடு உள்ளே வரக் கூடாது. இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே சூட்டைத் தடுக்கிற வெள்ளை றெஜிபோம் அட்டை, பொருத்துகளில் சிலிக்கன், கதவைச் சுற்றி ரப்பர். வேலை முடிந்ததும் ஓர் ஆள் உள்ளே போய் நிற்க வேண்டும். மற்றவர்கள் வெளியே இருந்து கதவைச் சாத்துவார்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த இடத்துக்கு மறுபடியும் சிலிக்கன் வைப்போம். ஒன்றுமே தெரியாவிட்டால் பெட்டி பாஸ்.

போன கார்த்திகை மாதம் துவாரகன் டொக்டர் ஒரு மூடிய ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். அவர் திருகோணமலை டவுனில் பல் வைத்தியர். அவருக்கும் அவர் மனைவி நிவேதிகாவுக்கும் மோட்டார் சைக்கிள் பைத்தியம். ரேஸுக்குக் கட்டிய ஓட்டப் பாதையில் ஒரு நாளைக்கு வாடகை கட்டி, பந்தயம் இல்லாமல் ஆசை தீர ஓடுவதற்கு 'ட்ராக் டே' என்று பெயராம். அந்தப் பாதை நாட்டின் மற்றக் கரையில் இருக்கிறது. அதுவரைக்கும் இரண்டு பைக்கையும் திறந்த லொறியில் தறப்பாளால் மூடிக்கொண்டு போய் அலுத்துப்போய், இந்த ட்ரெயிலரை வாங்கியிருந்தார். உள்ளே வெறும் தகரக் கூடு. அதை ஒரு பைக் வீடாக மாற்றித் தர வேண்டும் என்றார். அவருடைய பைக்குகளைப் பார்க்கிற மெக்கானிக் என் மருமகன் அர்ஷாக், மகள் றுஷ்தாவின் புருஷன். அவன்தான் என்னிடம் கூட்டி வந்தது.

டொக்டர் சோக்கட்டியை எடுத்து என் பட்டறைத் தரையில் படம் கீறினார். முன் சில்லைக் கவ்விப் பிடிக்க இரும்புக் கவ்வி இரண்டு. பட்டி போட்டு இழுத்துக் கட்ட தரையில் எட்டு வளையம். பைக் திருத்துகிற ஆயுதங்கள் வைக்க ஓர் அலுமாரி, பெற்றோல் கேன் நிற்க ஒரு தட்டு. பின் கதவைக் கீழே இறக்கினால் பைக் ஏறுகிற பலகையாக நிற்க வேண்டும். கடைசியாகப் பக்கச் சுவர்களின் அடியில் இரண்டு வட்டம் போட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற அர்த்தத்தில், அவர் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, பெற்றோல் ஆவி பாரம். அது மேல எழும்பாது, தரையோடதான் நிக்கும். அதால கீழ ரெண்டு பக்கமும் ஒவ்வொரு துவாரம் வேணும். கூரையில மூடியோட ஒண்டு. இதை மட்டும் மறந்திடாதேங்கோ."

"நான் மறக்கிற ஆள் இல்ல டொக்டர்" என்றேன்.

உண்மையாகவே நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு பாரம் இருக்காது.

வேலை மூன்று கிழமை நடந்தது. மீன் பெட்டி மாதிரியே சுவருக்கும் கதவுக்கும் றெஜிபோம் வைத்துத் தகடு அடித்தேன். துவாரங்களை வெட்டி, வெளிப்பக்கம் வடிவான கம்பி வலையும் போட்டேன். கடைசி நாள் வழக்கம்போல ஹோஸ் பைப்பால் சில்லுகளின் பக்கம் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். கீழ்த் துவாரம் வழியாகத் தண்ணீர் தரைக்கு வந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. நான் அடித்த பெட்டிக்குள் தண்ணீர்! ரோட்டில் மழைக்கு ஓடினால் சில்லு வாரி அடிக்கிற சேறு முழுக்க உள்ளேதான் வரும். பல்லுப் பிடுங்குகிறவருக்குப் பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு, இரண்டு துவாரத்தையும் உட்பக்கத்தால் தகடு வைத்து, ரிவிட் அடித்து, சுற்றிவரச் சிலிக்கன் பூசினேன். ஒன்றுக்கு முன்னால் அலுமாரி வந்தது, மற்றதுக்கு முன்னால் மாற்று ரயர் வந்தது. வெளியே கம்பி வலை மட்டும் அப்படியே இருந்தது. பிறகு நானே உள்ளே போய் நின்று கதவைச் சாத்தச் சொன்னேன். கும்மிருட்டு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் வந்து, முதலில் அந்த வலையைத் தடவிப் பார்த்து, "சரியான வடிவா வந்திருக்கு நானா" என்றார். வாய்க்கு வந்த சொல் உள்ளே போய்விட்டது. பைக்குக்கு மூச்சா முட்டப் போகிறது என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. ஏழு மணிக்கு டொக்டரும் நிவேதிகாவும் வந்து அர்ஷாக்கை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அந்த நேரம் பட்டறையில் ஒழுகுகிற கூரைக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். மகள் றுஷ்தா இடியப்பம் வைத்தாள்.

"இவருக்கு ராவெல்லாம் காய்ச்சல் வாப்பா" என்றாள். "போகாதீங்க எண்டு சொன்னன், கேக்கல்ல. நல்லகாலம், படுத்துக்கிட்டுப் போறார்."

"எங்க படுக்கிற? அந்த வண்டியில முன்னுக்கு ரெண்டு சீட்தானே?"

"பின்னால, பெட்டிக்குள்ளதான். பைக் ரெண்டுக்கும் நடுவுல மெத்த ஒண்டு போட்டுக் குடுத்தன். பெற்றோல் கேன் ரெண்டு ஏத்தியிரிக்காங்க, ஒண்டுட மூடி சரியில்லையாம், வாசம் அடிக்கிது எண்டார். கீழ காத்துப் போக்கு இரிக்கிதானே, அதால போயிரும் எண்டு அவரே சொல்லிட்டு ஏறினார்."

இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்தேன். மழைக்குக் கூரை மூடியும் சாத்தியிருக்கும். பின் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். உள்ளே கைபிடி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, மீன் எங்கே கதவைத் திறக்கிறது? நான் எழும்பி அர்ஷாக்கின் போனுக்கு எடுத்தேன். கிடைக்கவில்லை. அந்தத் தகட்டுக்குள் சிக்னல் போகாது. அதுவும் என் வேலைதான்.

டொக்டருக்கு எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே பேசினார்.

"சொல்லுங்கோ நானா."

இந்த இடத்தை நான் நூறு தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். சொல் வாய்க்குள் இருந்தது. 'துவாரத்தை அடைத்துவிட்டேன், நிறுத்துங்கள்.' அவ்வளவுதான். ஆனால் றுஷ்தா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சோக்கட்டியால் போட்ட அந்த இரண்டு வட்டமும் கண்ணுக்குள் வந்தது. இருபத்தாறு வருடப் பெயர் வந்தது.

"ஒண்டுமில்ல டொக்டர். அந்த இடது பக்கப் பட்டி கொஞ்சம் தளர்வா இரிக்கிற மாதிரி எனக்கு ஒரு யோசின. நிப்பாட்டி ஒருக்காக் கதவத் திறந்து பாத்தா நல்லம்."

"நான் இறுக்கிக் கட்டினனான் நானா, பயப்பிடாதேங்கோ" என்று சிரித்தார். என் பயம் ஊரறிந்த பகிடிதானே. "கந்தளாய் தாண்டிட்டம். மழை ஊத்துது, இதில நிப்பாட்ட ஏலாது. ஹபரணையில தேத்தண்ணி குடிக்கேக்க பாக்கிறன்."

"சரி" என்றேன்.

சரி என்று சொன்னேன். என் வாயால்.

கந்தளாயில் இருந்து ஹபரணைக்கு முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரம்தானே என்று கதிரையில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. பட்டறைக்குப் போனேன், திரும்பி வந்தேன். ஏற்கெனவே ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மெத்தை தரையில் இருக்கிறது, ஆவியும் தரையில்தான் நிற்கும். காய்ச்சல்காரன், மயங்கினால் நித்திரை என்றுதான் அவனே நினைப்பான். பெட்டிக்குள் நானே நிற்பதுபோல இருந்தது. பெயர் போனால் போகட்டும் என்று மறுபடியும் போனை எடுத்தபோது மணி எட்டு மூன்று. முதல் தடவை எடுத்தது ஏழு ஐம்பத்திரண்டு.

இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. முதலில் சிங்களத்தில் ஒரு பெண் பேசினாள். பிறகு தமிழில், நீங்கள் அழைத்தவரைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது என்றாள். பிறகு இங்கிலீஷில். அவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். அந்த ரோட்டில் பல இடத்தில் சிக்னல் கிடையாது, ஆனைக்குப் பயந்து யாரும் வண்டியை நிறுத்துவதும் கிடையாது. திரும்பத் திரும்ப எடுத்தேன். மூன்று பாஷையிலும் அவள் ஒன்றையேதான் சொன்னாள்.

"என்ன வாப்பா? என்ன நடந்த?" றுஷ்தா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அந்தத் துவாரம் ரெண்டையும் நான் அடைச்சிட்டன் மகள்" என்றேன். "அவனுக்குக் காத்து இல்ல."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மழைக்குள் இறங்கிப் பட்டறைக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். பட்டறைச் சுவரில் நான் பெட்டி அடித்துக் கொடுத்த லொறிக்காரர்களின் நம்பர்கள் பென்சிலால் எழுதியிருக்கும். இரவு மீன் கொண்டுபோனவர்கள் இந்த நேரத்தில்தான் வெறும் பெட்டியோடு அதே ரோட்டில் திரும்பி வருவார்கள். எனக்கு வராத புத்தி அவளுக்கு வந்தது. அவள் ஒரு பக்கம் இருந்து எடுத்தாள், நான் மற்றப் பக்கம் இருந்து எடுத்தேன்.

ஒவ்வொருவரிடமும் முழுக் கதையும் சொல்ல வேண்டியிருந்தது. நான் மூடிவிட்டேன், நான்தான் மூடினேன். முதல் ஆள் மூதூரில் வீட்டில் நித்திரை. அடுத்தவர் விஷயம் புரியாமல், "என்ன நானா, மருமகன ஐஸ் போட்டு அனுப்பினீங்களா?" என்று சிரித்தார். நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அல்லாஹ்வே" என்றார். "நான் தம்பலகாமம் வந்துட்டன் நானா. முஹம்மது தம்பி எனக்குப் பின்னால இரிக்கான், அவனப் பிடிங்க."

முஹம்மது தம்பியின் நம்பரும் இரண்டு தடவை மூன்று பாஷைக்காரியிடம் போனது. மூன்றாவது தடவை மணி அடித்தது. தம்புள்ளையில் மீன் இறக்கிவிட்டு வருகிறான், கல்ஓயாச் சந்தியை நெருங்குகிறேன் என்றான். சாம்பல் நிற வண்டி, வெள்ளைப் பெட்டி, நடு ரோட்டில் குறுக்கே போட்டு மறி, டொக்டரிடம் பின் கதவைத் திறக்கச் சொல் என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

"போன வைக்காதீங்க நானா" என்றான். "சட்டப் பையில போடுறன்."

றுஷ்தா என் போனை ஸ்பீக்கரில் போட்டு, கூலர் கதவுத் தகடு ஒன்றின் மேல் வைத்தாள். இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மழைச் சத்தம், வைப்பர் சத்தம். எஞ்சின் இரைச்சல். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். எனக்கு ஓதக்கூட வரவில்லை. ஃபாத்திஹா சூறாவின் இரண்டாவது வசனத்துக்கு மேலே ஓடவில்லை.

திடீரென்று நீளமாக ஹோன் அடித்தான். பிரேக் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "டொக்டர்! கதவ! பின் கதவத் திறங்க!" என்று அவன் கத்துவது தூரத்தில் கேட்டது. டொக்டர் ஏதோ கேட்டார். பிறகு நிவேதிகாவின் குரல். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். அது எனக்குத் தெரிந்த சத்தம்.

"பாரமா இரிக்கி" என்றான் முஹம்மது தம்பி. "மெல்ல இறக்குங்க, மெல்ல. கதவுல சாஞ்சிக்கிட்டு இரிக்கான்!"

றுஷ்தா என் தோளில் நகத்தால் பற்றினாள். அவன் மெத்தையில் இல்லை. கதவுவரைக்கும் ஊர்ந்து வந்திருக்கிறான். தட்டியிருப்பான். றெஜிபோம் அடித்த கதவு, யாருக்குக் கேட்கும்?

"மூச்சு இரிக்கா?" என்று நான் கேட்டேன். "தம்பி! மூச்சு இரிக்கா?" மழைதான் கேட்டது. யாரோ ஓடுகிறார்கள். நிவேதிகா, "தலையைத் திருப்புங்கோ, பக்கவாட்டில திருப்புங்கோ" என்று கத்தினாள். என் வாழ்க்கையில் நான் பட்ட பயத்தையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்தாலும் அந்த நேரத்துப் பயத்துக்குக் கிட்ட வராது. குனிந்து காதைப் போனோடு ஒட்டி வைத்தேன்.

"சட்டையெல்லாம் சத்தி எடுத்திரிக்கான்" என்றான் முஹம்மது தம்பி கடைசியில். "மூச்சு இரிக்கி நானா. லேசா இரிக்கி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம்."

வான் பிடித்துப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழி நெடுக றுஷ்தா என் கையை விடவில்லை. ஒருதரம் என் பக்கம் திரும்பி, "நீங்க யோசிச்சபடியாத்தான் வாப்பா. இல்லாட்டி ஹபரணைவரைக்கும் யாருக்குத் தெரியும்?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் காட்டுக்குள் நாங்கள் போகும்போது மணி பத்து. மரங்களைப் பார்த்தேனா ரோட்டைப் பார்த்தேனா என்று தெரியவில்லை.

வார்டில் அர்ஷாக் மூக்குக்கும் வாய்க்கும் ஒட்சிசன் மாஸ்க் போட்டுப் படுத்திருந்தான். கண் மூடியிருந்தது. நகங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு தரம் கண் திறந்து பார்த்ததாகவும், தண்ணீர் கேட்டதாகவும், இனி எழும்புவான் என்றும் நர்ஸ் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் தப்பியிருப்பானா என்று தன்னால் சொல்ல ஏலாது என்று வார்டு டொக்டர் சொன்னதாக நிவேதிகா சொன்னாள். றுஷ்தா அவன் காலடியில் நின்று அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். முஹம்மது தம்பி நனைந்த சேட்டோடு வாசலில் நின்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

துவாரகன் டொக்டர் மட்டும் கையில் போனை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கியபடி இருந்தார். அவருடைய கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"நானா, நீங்கள் முதல்ல எடுத்தபோது பட்டி தளர்வு எண்டுதானே சொன்னனீங்கள்? துவாரத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே. அப்ப எனக்குச் சிக்னல் இருந்தது. ரோட்டோரத்தில நிப்பாட்டி இருப்பனே."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் றுஷ்தா பேசிவிட்டாள். எனக்காகப் பேசினாள். "வாப்பாக்கு அப்ப ஞாபகம் வரல்ல டொக்டர். அவர் ஒரு பயந்த மனுசன், என்னவோ சரியில்ல எண்டு மட்டும் தோணியிரிக்கி. பொறகுதான் துவாரம் ஞாபகம் வந்த. என்ன வாப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் துளி சந்தேகம் இல்லை. டொக்டரும் தலையை ஆட்டினார். அவருக்கும் அது போதுமாக இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் கதை அதோடு முடிந்துவிடும். முஹம்மது தம்பி ஊருக்குப் போய் என் பெயரைத் தூக்கித்தான் சொல்வான். நான் கட்டிலைப் பார்த்தேன். அர்ஷாக்கின் நகங்களைப் பார்த்தேன்.

"ஞாபகம் இருந்த மகள்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "என்ன?"

"முதல் கோல் எடுக்கக்குள்ளயே தெரியும். சொல்ல வெக்கமா இருந்த. பட்டி எண்டு பொய் சொன்னன்."

டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நிவேதிகா அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். முஹம்மது தம்பியும் மெதுவாக நழுவிப் போய்விட்டான்.

"எவ்வளவு நேரம்?" என்று றுஷ்தா கேட்டாள்.

"பதினொரு நிமிசம்."

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவன் பாதத்தில் இருந்த கையை எடுத்து, அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "இவர் எழும்பினா நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக நான் சொல்ல மாட்டன், மறைக்கவும் மாட்டன்" என்றாள். முகத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் சொல்லவில்லை.

நானும் அவனும் மட்டும் இருந்தோம். அவன் எழும்ப வேண்டும் என்று துஆக் கேட்டேன். எழும்பி என்னைப் பார்த்து மாமா என்று கூப்பிடப் போகிறானே என்று நினைத்ததும் உடம்பு முழுக்க வேர்த்தது. வெளியே போய் நின்று, றுஷ்தா வந்த பிறகு வரலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. எழும்பியும் விட்டேன். அப்போது அவன் இமை அசைந்தது. நான் கதிரையை இழுத்து, அவன் கண் திறந்தால் முதலில் என்னைப் பார்க்கிற பக்கமாகப் போட்டு உட்கார்ந்தேன்.